சாப்பாட்டில் முடிந்த புத்தகங்கள்

சித்தூரில் தமிழ் பேசுகிற வீடுகள் தெருவுக்குப் பத்தாவது இருக்கும். தமிழ் படிக்கத் தெரிந்தவர்களைத்தான் விளக்கு வைத்துத் தேட வேண்டும். பள்ளிக்கூடம் தெலுங்கு, ஆபீஸ் தெலுங்கு, பஸ் போர்டு தெலுங்கு. வாயில் இருக்கிற மொழி கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அப்படியும் ஆறு பேர் நாங்கள் ஒருவரையொருவர் மோப்பம் பிடித்துச் சேர்ந்துகொண்டோம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு மருந்துக்கடையின் மாடியில் கூடுவோம். வேலூருக்கோ சென்னைக்கோ போகிறவர் புத்தகம் வாங்கி வருவார். அது ஆறு கை மாறும்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தின் பின்னட்டை உட்பக்கம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவோம். படித்து முடித்தவர் கருத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்தவரிடம் கொடுக்கலாம். குறைந்தது இரண்டு வரி. ‘நன்றாக இருந்தது’ என்று எழுதினால் செல்லாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் எங்களில் மூத்தவரான ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. அவர் கருத்துக்குக் கீழே மதிப்பெண்ணும் போடுவார். இதுவரை எந்த எழுத்தாளரும் ஐம்பதைத் தாண்டவில்லை.

மருந்துக்கடைக்காரர் எந்தப் புத்தகத்தையும் மருந்துச் சீட்டாகத்தான் படிப்பார். ஒரு காதல் கதைக்கு அவர் எழுதியது: ‘நாற்பதாம் பக்கத்தில் கொடுக்கும் மாத்திரைக்கு இந்தக் காய்ச்சல் இறங்காது. மற்றபடி காதல் சரியாக இருக்கிறது.’ தையல் கடை வைத்திருக்கும் அம்மா ஒரு சரித்திர நாவலுக்கு எழுதினார்: ‘இளவரசி ஒரே உடையில் அறுபது பக்கம் காட்டில் அலைகிறாள். ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை.’ ஏரிகளைப் பற்றிய ஒரு நல்ல புத்தகத்துக்கு ஒருவர், ‘எங்கள் ஊர் ஏரி இதில் இல்லை. இப்போது ஊரிலும் இல்லை’ என்று எழுதியிருந்தார்.

நான் கோமாளி. இதயத்தைப் பாதுகாப்பது எப்படி என்ற புத்தகத்துக்கு நான் எழுதியது: ‘பன்னிரண்டாம் பக்கம் வரை வந்தேன். அதற்குள் இதில் சொன்ன எல்லா வியாதியும் எனக்கு வந்துவிட்டதால் மேலே போகவில்லை.’ எல்லோரும் சிரித்தார்கள். அது சத்தியமான வாக்குமூலம் என்று யாருக்கும் தெரியாது.

என்னுடைய பயம் பெரிய பயம். யாராவது யாருக்கோ உடம்பு சரியில்லை என்றால் எனக்குத் தொண்டை வறண்டுவிடும். சாவு என்ற சொல் அச்சில் வந்தாலே இதயம் காது வழியாக அடிக்கும். மூன்று முறை ஓடிப்போய் ஈசிஜி எடுத்திருக்கிறேன். மூன்றும் பச்சைக் குழந்தையின் ஈசிஜி போல இருந்தன. மூன்றாவது முறை அந்த லேபில் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை, அவர்களே எழுதிக்கொண்டார்கள். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். வடையோ மிக்சரோ எது கையில் கிடைக்கிறதோ அது. இப்படிப்பட்டவன் வேலை பார்ப்பது திருப்பதியில் ஒரு ஆயுள் காப்பீட்டு ஆபீஸில். இறந்தவர்களின் ஃபைல் வந்தால் சத்தமில்லாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவேன். பக்கத்து மேசைக்காரர் என்னைத் தாராள மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

என் தெருவிலேயே எனக்கு ஒரு சிநேகிதன். குடிபாலா பக்கத்துக் கிராமம். மாம்பழக் கூழ் எடுக்கிற ஃபேக்டரியில் பாய்லர் பார்த்தவன். என் வயசுதான். படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் பேசுவான், பேசுவான், பேசிக்கொண்டே இருப்பான். ஒரு எழுத்து படிக்க வராது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை ‘பேப்பர் துன்ற கூட்டம்’ என்பான்.

அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். திருப்பதியில்தான் முறை கிடைத்தது, காலை ஆறரை மணி முறை. விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸில் அவனும் அவன் மனைவியும் கிளம்புவார்கள். நானும் திருப்பதிக்குத்தானே போக வேண்டும் என்று அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டேன். ஆபீஸ் பத்து மணிக்கு. அதுவரை அவன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்காருவேன்.

முதல் நாள் அந்த வார்டுக்குள் நுழைந்ததும் ரத்தம் குழாய் வழியாக வெளியே போய்ச் சுற்றிவிட்டு உள்ளே வருவதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்தது வார்டின் கூரை. அங்கே வேலை செய்யும் டெக்னீசியன் பெண் என் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். கட்டிலில் படுத்திருந்தவன் தலையைத் தூக்கிக் கேட்டான்.

“இன்னாம்மா, அவனுக்கு எவ்ளோ இருக்குது?”

அவள் சொன்னாள்.

“எனக்கு?”

அதையும் சொன்னாள்.

“என்னுதே பரவால்ல. இவன இங்க படுக்க வையிம்மா, நான் ஆபீஸுக்குப் போறேன்.”

அந்தப் பெண் பிறந்தது திருத்தணி, வாழ்க்கைப்பட்டது வடமாலபேட்டை. என்னை அன்றிலிருந்து ‘ஸ்டூல் அண்ணா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். விழுந்தால் அடிபடாத மாதிரி என் ஸ்டூலைச் சுவரோரம் போட்டுவைப்பாள்.

நான்கு மணி நேரம் ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. இரண்டாவது வாரம் அவனுக்குச் சலித்துவிட்டது.

“ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம இன்னாத்தடா படிக்கிறீங்க? ஒன்னு எடுத்தா. படி, கேக்கறேன்.”

அப்போது என் பையில் இருந்தது ஒரு தடித்த குடும்ப நாவல். இன்னும் நான் பிரிக்கவில்லை. கூட்டத்தில் மூன்று பேர் படித்து முடித்திருந்தார்கள். உரக்கப் படித்தேன். பெரிய வீடு, மூன்று மகன்கள், தோட்டம், தொட்டியில் மீன். அவன் கண்ணை மூடிக் கேட்டான். இருபத்து மூன்றாம் பக்கத்தில் வீட்டுப் பெரியவர் டாக்டரிடம் போனார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அடுத்த வரியில் பெரியவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது.

நான் நின்றுவிட்டேன். காதுக்குள் மேளம்.

“இன்னா சொன்னாரு டாக்டரு?”

“பல்லு” என்றேன்.

“இன்னா பல்லு?”

“பல்வலி. பெரியவருக்குப் பல்வலி.”

அதற்குப் பிறகு அந்த நாவலில் இன்னும் இருநூற்றுச் சொச்சம் பக்கம் இருந்தது. அத்தனையும் பல்வலி. வெளிநாட்டில் இருந்த மகன் பல்வலி கேட்டு விமானம் ஏறி வந்தான். மருமகள்கள் அடுப்படியில் பல்வலிக்காக அழுதார்கள். பெரியவரின் மனைவி காளஹஸ்திக்குப் போய் விளக்குப் போட்டாள். அது எழுத்தாளர் எழுதாதது. அன்று என் நாக்கு தானாக ஓடியது, நான் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

“ஒரு பல்லுக்காடா?”

“கடவாப்பல்லு.”

“புடுங்கச் சொல்லுடா அந்தாள. ஊட்ல இத்தினி பேரு இருக்கிறாங்க, ஒருத்தனுக்கும் புத்தி இல்ல.”

கடைசிப் பக்கத்தில் பெரியவர் செத்துப்போனார். நான் அவர் பல்லைப் பிடுங்கி, எல்லோரையும் வாழையிலை முன்னால் உட்கார வைத்துவிட்டேன். சாம்பார், இரண்டு பொரியல், பாயசம், அப்பளம். அப்பளத்தைப் பெரியவரே நொறுக்கினார்.

“அந்தேனா?” என்றான் அவன். ‘அவ்வளவுதானா’ என்பதை அவன் எப்போதும் தெலுங்கில்தான் கேட்பான்.

“அவ்ளோதான்.”

“நானும் எழுதணும் அந்த பேப்பர்ல. கேட்டேன் இல்ல?”

அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘பல்வலிக்கு இவ்வளவு அழக் கூடாது. முதல் பக்கத்திலேயே பிடுங்கியிருந்தால் நூறு மரம் மிச்சம். சாப்பாடு நன்றாக இருந்தது.’ ஊசியில்லாத கையால் கீழே தெலுங்கில் கையெழுத்துப் போட்டான். கதையை மாற்றியவன் கருத்தையும் மாற்றி எழுதியிருக்கலாம் இல்லையா? அதற்கு என் மனசு ஒப்பவில்லை. மற்றவர் கருத்தில் கை வைக்கக் கூடாது என்று ஒரு நேர்மை. எனக்கு நேர்மை எப்போதும் இடம் பார்த்து வருவதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் தலைமையாசிரியை தாளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“இது எந்தப் புத்தகத்துக்கு எழுதினது?”

“இதுக்குத்தாம்மா.”

“இதுல பல்லே இல்லையே. நான் ரெண்டு தடவ படிச்சேன்.”

மருந்துக்கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். “கிட்னி ஃபெயிலியரை நல்லாத்தான் எழுதியிருந்தாரு. உங்க சிநேகிதருக்குப் பல்லுன்னு கேட்டிருக்கு. காது செக் பண்ணுங்க.”

அவன் கேட்டது சரிதான், படித்துக் காட்டிய நான்தான் கோளாறு என்று சொல்ல எனக்கு நான்கு வாய்ப்பு இருந்தது. நான்கிலும் பக்கோடா தின்றேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் சறுக்கல்தான். அவன் ருசி கண்டுவிட்டான். பஸ்ஸில் ஏறும்போதே, “இன்னிக்கு இன்னா புக்கு?” என்பான். ஒரு துப்பறியும் நாவல் எடுத்துப்போனேன். அதில் சாவு வராமல் எப்படி இருக்கும்? முதல் பக்கத்திலேயே நடு ஹாலில் பிணம். நான் கொலையைத் திருட்டாக்கினேன், பிணத்தைப் பீரோவாக்கினேன். போலீஸ் வந்து பீரோ கிடந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டது. நாய் வந்து பீரோவை மோந்தது. வேகத்தில் ஒரு இடத்தில், ‘பீரோவின் மனைவி மயங்கி விழுந்தாள்’ என்று படித்துவிட்டேன்.

“பீரோவுக்குப் பொண்டாட்டியா?”

“பீரோ சொந்தக்காரரோட பொண்டாட்டி.”

“ஒரு பீரோ போனதுக்கா மயக்கம்?”

“உள்ள பட்டுப்புடவை எல்லாம் இருந்துச்சு.”

அந்த நேரத்தில் டெக்னீசியன் பெண் எனக்குப் பின்னால் நின்று மெஷினில் ஏதோ திருகிக்கொண்டிருந்தாள். திரும்பினேன். அவள் கண் புத்தகத்தில் இருந்தது. அப்புறம் என் முகத்துக்கு வந்தது. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகிற வழியில் கேன்டீனில் மூன்று வடை.

பீரோ கிடைத்தது. எல்லோரும் உட்கார்ந்து பூரி சாப்பிட்டார்கள். அவன் கருத்து: ‘திருடன் யாரென்று எனக்கு முதலிலேயே தெரியும். படிக்கிறவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.’

இப்படி எட்டு ஒன்பது மாதம். ஒரு போர்க்காலக் கதையில் ஒரு படையே பிரியாணி தின்றது. ஒரு புயல் கதையில் கரையேறியவர்கள் கருவாட்டுக் குழம்பு வைத்தார்கள். ஒரே ஒரு கவிதைப் புத்தகத்தில் மட்டும் சாவு இல்லை. மழை, வேப்பமரம், ஒரு பூனை. இருந்ததை இருந்தபடி படித்தேன். அதற்கு அவன் சொன்னது: ‘ஒன்றும் புரியவில்லை. ஆனால் இன்றைக்குத்தான் இவன் மூச்சு வாங்காமல் படித்தான்.’ எழுதும்போது என் பேனா கொஞ்சம் நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மருந்துக்கடை மாடியில் என் குட்டு ஒருநாள் உடைந்தது. தையல்கார அம்மா நான்கு புத்தகங்களின் பின்னட்டையையும் திறந்து வரிசையாகத் தரையில் வைத்தார்.

“எல்லாத்துலயும் சாப்பாடு. எல்லாமே இவரு படிச்சுக் காட்டினது.”

சொன்னேன். பல்வலியில் ஆரம்பித்துப் பீரோவில் வரும்போது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தையல்கார அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“அவரு பயப்படுவாருன்னு மாத்தறீங்களா?”

“ஆமா.”

“அவரு பயந்ததா நீங்க சொன்னதே இல்லையே. நீங்க பயந்துக்கினு அவர ஏமாத்தறீங்க.”

தலைமையாசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார். அது முப்பத்தைந்துக்குக் கீழே. அந்தத் தாள்களைக் கிழித்துப் புதுசு ஒட்டலாமா என்று மருந்துக்கடைக்காரர் கேட்டதற்கு, “கேட்டவர் கேட்டதைச் சொல்லியிருக்கார். இருக்கட்டும்” என்றார்.

கோடை வந்தபோது அவன் கால் வீக்கம் வடியவில்லை. பஸ் படியில் ஏற நானும் அவன் மனைவியும் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. பாகாலாவுக்கு முன்னாலேயே தூங்கிவிடுவான், சந்திரகிரியில் எழுப்புவோம். ஸ்ரீசிட்டியில் வேலை செய்கிற மகள் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஃபேக்டரியில் சீசன் ஆரம்பித்திருந்தது. சித்தூரைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாக மாம்பழ வாசனை வரும். அவன் கண்ணைத் திறக்காமலே, “எந்த பாய்லரோ பிரஷர் பத்தல” என்பான். அது வாசனையில் எப்படித் தெரியும் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அப்போது படித்துக்கொண்டிருந்தது ஒரு உப்பளக்காரரின் கதை. மெலிந்த புத்தகம். பாத்தி கட்டி, தண்ணீர் விட்டு, வெயிலுக்குக் காத்திருக்கிற ஒரு ஆள். அவ்வளவுதான் கதை. அவனுக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. வெயிலில் வேகிறவனை அனலில் வெந்தவனுக்குத் தெரியும் போல. உப்பு கால்களை அரிப்பதைப் பற்றி ஒரு பக்கம் வரும். அதை மூன்று முறை படிக்கச் சொன்னான். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இன்னும் பதினோரு பக்கம் பாக்கி. உப்பளக்காரர் இருமிக்கொண்டு படுத்திருக்கிறார். நான் அடுத்த பக்கத்தைக் கள்ளத்தனமாக ஒரு கண்ணால் பார்த்தேன். ஒரு சொல் கண்ணில் பட்டது. நாக்கு சமையலறைக்குக் கிளம்பத் தயாரானது.

“நில்லு” என்றான்.

நிறுத்தினேன்.

“மொத புக்குல அந்த பெருசுக்கு வந்தது பல்லுவலி இல்ல, இல்ல?”

நான் புத்தகத்தையே பார்த்தேன்.

“ஆளு ஆளுக்கு எழுதின புக்கு. எல்லாத்துலயும் கடைசில துன்னுக்கினே இருக்கிறாங்க. எனக்கு உப்பு வாணாம், தண்ணி அளவா குடின்னு டாக்டரு சொல்றாரு. நீ பாயசம் ஊத்திக்கினே இருக்கிற.” அவன் சிரித்தான். சிரித்தால் இருமல் வந்தது, காத்திருந்து மறுபடி பேசினான். “பொய் சொல்லும்போது நீ பக்கம் திருப்பறது இல்லடா. ஒரே பக்கத்துல முக்கா மணி நேரம் உக்காந்துக்கினு இருந்த, பீரோ அன்னிக்கி.”

“அப்பவே ஏன் கேக்கல?”

“உனக்கு வேர்த்துக்கினு இருந்துச்சு. பாவமா இருந்துது.”

என் கையில் புத்தகம் ஈரமாகிவிட்டது.

“இந்த ஆளு இன்னா ஆவறான்னு எனக்கு நெஜமா தெரியணும்” என்றான். “பல்லு கில்லு வாணாம். இருக்கறத படி.”

படி என்றால் படிக்க வேண்டியதுதானே. பதினோரு பக்கம். இருபது நிமிஷம் ஆகுமா? நான் வாயைத் திறந்தேன். காதில் மேளம். கூரை கொஞ்சம் கீழே வந்தது. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. ஆபீஸ் நடக்கிற தூரத்தில்.

“ஆபீஸுக்கு டைம் ஆச்சு” என்றேன். “வியாழக்கிழமை முடிச்சிடலாம்.”

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

“சரேலே” என்றான், சரி விடு என்று. “புக்கு இங்கயே இருக்கட்டும்.”

புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்து கேன்டீனில் நின்றேன். ஐந்து வடை. ஆறாவதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசலில் இருந்த வேப்பமரத்துக்கடியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து மேலே போக எத்தனை படி என்று எனக்குத் தெரியும். ஏறவில்லை.

வியாழக்கிழமையும் போகவில்லை. ஆபீஸில் ஆடிட் என்று முந்தின நாளே போன் செய்து சொன்னேன். ஆடிட் எல்லாம் ஒன்றும் இல்லை. எட்டு மணி பஸ்ஸில் தனியாகப் போனேன். வழியெல்லாம் ஒரு திட்டம் போட்டேன்: வெள்ளிக்கிழமை அந்தப் பதினோரு பக்கத்தை ஒத்திகை பார்ப்பது. மருந்துக்கடைக்காரரிடம் அந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதி இருக்கிறது. வாங்கி, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, சாவு வருகிற இடத்தைப் பழகிக்கொள்வது. சனிக்கிழமை நேராகப் படித்துவிடுவது. நல்ல திட்டம். வெள்ளிக்கிழமை புத்தகத்தை வாங்கியும் வந்தேன். பிரிக்கவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸுக்குக் கிளம்பிப் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது அவன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. பஸ் வேண்டாம் என்றார்கள்.

ஊருக்கு எடுத்துப் போனார்கள். குடிபாலாவுக்கு அந்தப் பக்கம். நானும் போனேன். எனக்கு மயக்கம் வரும், யாராவது தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், அவன் சாவில் என் கூத்து ஒன்று நடக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஒன்றும் வரவில்லை. இதயம் மெதுவாக, ஒழுங்காக அடித்தது. அப்படி அது அடித்தது எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். அவன் மகள் என் முன்னால் இலையை வைத்தாள்.

“நீங்கதான் நைனாவுக்குக் கத படிச்சீங்களா?”

“ஆமாம்மா.”

“வாரா வாரம் போன்ல எனக்குச் சொல்லுவாரு. பல்லுவலி கத சொல்லி நாங்க ஹாஸ்டல்ல எல்லாரும் சிரிச்சோம்.”

இலையைப் பார்த்தேன். சாம்பார் ஊற்ற வந்தவரிடம் போதும் என்று கை காட்டினேன், இன்னும் ஊற்றவே இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை புத்தகத்தை வாங்க வார்டுக்குப் போனேன். அவன் கட்டிலில் வேறொருவர் படுத்து தெலுங்கு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டெக்னீசியன் பெண் என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் தேடிச் சுவரோரம் போட்டாள். அப்புறம் மேசை டிராயரிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

“அந்த வியாழக்கிழமை நீங்க வரல இல்லண்ணா. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும்னு அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. கூப்ட்டு, மிச்சத்தப் படிம்மான்னாரு. ஊசி எடுத்தப்பறம் உக்காந்து படிச்சேன். அவங்க வீட்டம்மாவும் இருந்தாங்க.”

“முழுசாவா?”

“முழுசா. பயந்துக்கினுதான் படிச்சேன். அவரு கம்முனு கேட்டாரு. ஒரு தடவ மட்டும், ‘மெதுவா படி’ன்னாரு.” புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். “கருத்து எழுதணும்னு சொன்னாரு. எழுதிக்கினேன். தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.”

புத்தகத்தைப் பையில் போட்டேன். அங்கே பிரிக்கவில்லை. ஆபீஸில் பிரிக்கவில்லை. அன்று இறந்தவர் ஃபைல் ஒன்று வந்தது. தள்ளாமல் நானே பார்த்தேன். ஒரு பெண்ணின் கையெழுத்து, ஒரு கட்டைவிரல் ரேகை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, “உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?” என்றார்.

மாலை பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. சந்திரகிரி தாண்டியதும் பின்னட்டையைத் திறந்தேன். பால் பாயின்ட் பேனாவில், பள்ளிக்கூடத்துப் பெண்ணின் உருண்டைக் கையெழுத்தில் நான்கு வரி.

‘உப்பளத்து ஆள் செத்துட்டார். பாத்தியில உப்பு அப்படியே இருக்குது, யாரும் வாரல. ஒருத்தரும் சாப்பிடல. நல்லா இருந்தது. மத்த புக்கெல்லாம் இந்த மாதிரி கேட்டிருக்கலாம்.’

கீழே அவன் தெலுங்குக் கையெழுத்து. கடைசி எழுத்து தாளின் வலது ஓரத்தைத் தாண்டி அட்டைக்குப் போயிருந்தது.

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. அதில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். அவனுக்குக் கோபம் வந்தால் ஊருக்கே கேட்கும், இது அப்படி இல்லை. வருத்தம் என்றும் சொல்ல முடியவில்லை. எங்கள் தாளில் மற்றவர்கள் எழுதுவது போல அது ஒரு கருத்து. ஒன்பது மாதம், பத்துப் பதினைந்து புத்தகம். முதல் நாவலில் அந்த வீட்டுப் பெரியவர் எப்படிச் செத்தார் என்று அவனுக்குத் தெரியவேயில்லை. நன்றாகத்தான் எழுதியிருந்தார் என்று மருந்துக்கடைக்காரரே சொன்னாரே. தன் வியாதியை ஒரு புத்தகத்தில் இன்னொருத்தன் என்ன செய்தான் என்று கேட்க அவனுக்கு ஆசை இருந்திருக்கும். நான் அவனுக்குப் பல் பிடுங்கிக் காட்டினேன்.

பதினோரு பக்கத்தையும் பிரித்தேன். பழக்கத்தில் உதடு அசைந்தது, சத்தமும் கொஞ்சம் வந்திருக்க வேண்டும். பக்கத்து இடத்தில் கூடையோடு இருந்த அம்மா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் கால்களை மடக்கிக்கொண்டார். காதில் மேளம் அடித்தது. அடிக்கட்டும் என்று படித்தேன். அவன் ‘மெதுவா படி’ என்று சொன்ன இடம் எதுவாக இருக்கும் என்று ஒவ்வொரு பத்தியிலும் நின்று நின்று போனேன். உப்பளக்காரர் தண்ணீர் கேட்கிறார். மகள் வாயில் விடுகிறாள். வெளியே பாத்தியில் வெயில். நான் எழுதியிருந்தால் இந்த இடத்தில் மீன் குழம்பு கொதித்திருக்கும். படிக்கும்போதே பக்கங்களைத் திருப்பினேன். பதினொன்றையும் திருப்பினேன். பூதலப்பட்டில் பஸ் நின்றபோது அவர் செத்துப்போயிருந்தார்.

தாளில் அவன் வரிகளுக்குக் கீழே இடம் இருக்கிறது. முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வந்து போய்விட்டன. தலைமையாசிரியை எதுவும் கேட்கவில்லை. சட்டத்தைப் போட்டவர் அவர்தான், இரண்டு வரி எழுதாமல் புத்தகம் கை மாறக் கூடாது. அது என் அலமாரியிலேயே இருக்கிறது.

பஸ்ஸில் அதைப் படித்து முடித்த அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி தட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். கைகால் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

“சாப்பிடலயா?” என்றாள்.

“பசிக்கல” என்றேன்.

அவள் பயந்துபோய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.